பந்தக்காலும் எலும்பு மஜ்ஜையும்

எனக்குக் குணமாகிவிட்டதா? உன் நிச்சயத்தன்று புளியங்குடியில் பெண் சுகன்யாவின் அப்பா இதைத்தான் கேட்டார். இரண்டு வீட்டாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். எலுமிச்சை மண்டி வைத்திருப்பவர் அவர். எதையும் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தே வாங்கிப் பழகியவர். "தங்கச்சிக்கு என்னமோ பெரிய ஆபரேசன் நடந்ததா கேள்விப்பட்டேன். இப்ப பூரணமா குணமாயிட்டா?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகன் நீ முந்திக்கொண்டாய். "கர்ப்பப்பை ஆபரேசன் மாமா. அதெல்லாம் எப்பவோ பூரண குணம்." எல்லோரும் சிரித்தார்கள், காபி வந்தது, பேச்சு மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் போய்விட்டது. எனக்குக் குணமாகிவிட்டதா என்ற கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்ல வேண்டியவள் நான். என் மார்பில் இருந்த நோயை என் கண்முன்னாலேயே நீ கர்ப்பப்பைக்கு மாற்றி வைத்துவிட்டு, தட்டிலிருந்த லட்டை எடுத்துக் கடித்தாய்.

இன்று மதியம் நீ அப்பாவோடு இளையரசனேந்தல் பக்கம் பத்திரிகை வைக்கப் போயிருக்கிறாய். அத்தை பாத்திரம் பண்டம் எடுத்துவர வாசுதேவநல்லூருக்குப் போயிருக்கிறாள். ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம் வடிந்து தெரு இப்போதுதான் பழையபடி இருக்கிறது. வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன், கோபமாக இருக்கிறேன். இதை உன்னிடம் நேரில் சொல்லலாம். ஆனால் நேரில் பேசும்போது என் குரல் உயராது என்பது உனக்குத் தெரியும். உயராத குரலை நம் வீட்டில் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். உனக்கென்று எழுதினாலும் வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. மறைத்தது போதும்.

நீ ஊருக்கு வருவதற்கு முன் நடந்ததை முதலில் சொல்கிறேன். வழக்கமான பரிசோதனைக்குத் திருநெல்வேலிக்குப் போனபோது இரத்தத்தில் தட்டணுக்கள், பிளேட்லெட் என்பார்களே அவை, குறைந்திருந்தன. மறுபடி எடுத்துப் பார்த்தார்கள், இன்னும் குறைந்திருந்தன. இடுப்பில் ஒரு வலி இருக்கிறது, வகுப்பில் நின்று நின்று வந்தது என்று நானாக முடிவுசெய்து வைத்திருந்த வலி. டாக்டர் உன் வயதை ஒத்த பெண்தான். "மேடம், வைட்டமின் குறைஞ்சாக்கூட இப்படி வரும். ஆனா உங்க பழைய கதைய வச்சுக்கிட்டு நான் சும்மா இருக்க முடியாது. எலும்பு மஜ்ஜையைப் பாத்துருவோம்" என்றாள். வீட்டில் கல்யாணம் இருக்கிறது, முடிந்த பிறகு வரலாமா என்று நானே கேட்டேன். நானே கேட்டேன் என்பதைக் குறித்துக்கொள். அவள் பேனாவை மூடிவிட்டு, "கல்யாணம் யாருக்கு மேடம், மஜ்ஜைக்கா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாளைக்கு வருகிற இந்தத் தேதியை அப்போதே குறித்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பரிசோதனை எதற்கு என்பதை நீ ஒருமுறையும் கேட்கவில்லை. கல்லூரியில் இத்தனை வருடமாக யார் யார் பிள்ளைகளுக்கோ விலங்கியல் சொல்லித் தருகிறேன், உனக்கும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மார்பில் கட்டி கைக்குத் தட்டுப்படுவதற்கு முன்பே அதிலிருந்து சில செல்கள் கழன்று இரத்தத்தோடு போய்விடலாம். அவற்றில் பெரும்பாலானவை வழியிலேயே செத்துவிடும். சில எலும்பு மஜ்ஜைக்குள் போய்ச் சேரும். மஜ்ஜை சாதாரண இடமில்லை. நம் இரத்தம் முழுவதையும் உண்டாக்குகிற ஸ்டெம் செல்கள் இருக்கும் இடம். பாடப்புத்தகத்தில் குருத்தணு என்று போட்டிருப்பார்கள். அந்தக் குருத்தணுக்களைப் பேணிக் காப்பதற்கென்று அங்கே இருக்கும் ஏற்பாடு வந்தேறியையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது. வந்து சேர்ந்த புற்றுச் செல்களில் சிலவற்றுக்கும் ஸ்டெம் செல்லின் குணம் உண்டு. இரண்டாகப் பிரியாமல், வளராமல் கிடக்கும். பிரிகிற செல்லைத்தான் கீமோ மருந்து முக்கியமாக அடிக்கும், கிடப்பதை விட்டுவிடும். என் முடியை உதிர்த்து, நாக்கைப் புண்ணாக்கி, நகத்தைக் கறுப்பாக்கிய மருந்து, யாருக்காக உடம்புக்குள் வந்ததோ அவர்களில் சிலரைப் பார்க்காமலே போயிருக்கலாம். அப்படிக் கிடக்கும் ஒன்று பல வருடம் கழித்துப் பிரியத் தொடங்கினால், அந்த ஒன்றிலிருந்து எல்லாம் மறுபடி தொடங்கிவிட முடியும். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. மஜ்ஜையில் இந்தச் செல்களை வைத்துக்கொண்டே கடைசிவரை ஒன்றும் ஆகாமல் வாழ்ந்து வேறு காரணத்தால் செத்துப்போகிறவர்களும் உண்டு. யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது, எது எழுப்புகிறது என்று நிச்சயமாகச் சொல்ல இன்றைக்கு ஆளில்லை. நாளை எடுக்கும் சொட்டில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அப்போதும் இல்லை என்று அர்த்தமாகாது. அந்தச் சொட்டில் இல்லை, அவ்வளவுதான். இதையெல்லாம் வைத்துக்கொண்டு புளியங்குடிக் கூடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "பூரண குணம்" என்பது மருத்துவம் சொன்ன சொல் இல்லை. அது கல்யாண வீட்டுச் சொல்.

முதல் பொய்யும் உனக்காகத்தான் சொல்லப்பட்டது. நீ பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாய். எனக்கு முடி கொட்டித் தலை வழுக்கையாகிவிட்டது. தெருவில் கேட்பார்களே என்று வீட்டில் எல்லோருக்கும் கவலை, எனக்குத்தான் கவலைப்படத் தெம்பில்லை. உன் அத்தை ஒரு காலைப்பொழுதில் அதற்கு வழி கண்டுபிடித்தாள். பிள்ளை நல்ல மார்க் எடுக்க வேண்டும் என்று தாய் திருச்செந்தூரில் முடி இறக்கிவிட்டாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அன்று மாலையிலிருந்து பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். "ஒத்தப் பிள்ளைக்காக எவ முடியக் குடுப்பா? நீங்க பெரிய மனுசி டீச்சர்" என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கோயிலுக்குப் போய் எந்த வேண்டுதலும் செய்யாதவள் நான். வாந்தி வரும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன். ஒருத்தி பிரசாதம் கேட்டாள். அத்தை உள்ளே போய்ப் பூஜையறையிலிருந்த பழைய விபூதியை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். உன் மார்க் வந்தபோது என் மொட்டைக்குப் பலன் கிடைத்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். நீயும் உன் நண்பர்களிடம் அப்படியே சொன்னாய், எனக்குத் தெரியும். பதினேழு வயதுப் பையன் அப்படிச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. கோட்டும் டையுமாக நின்றுகொண்டு கர்ப்பப்பை என்றவன்மேல்தான் கோபம்.

அத்தையைப் பற்றியும் நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். கீமோ நடந்த மாதங்களில் எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள் அவள்தான். நம் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துக் கொண்டுவந்து தழும்பில் பூசலாமா என்று கேட்டாள். நெற்றியில் வேண்டுமானால் பூசு மதினி என்றேன், பூசினாள். அதில் எனக்குக் கோபம் வந்ததில்லை. மண் என்னைக் காத்திருக்கச் சொல்லவில்லை.

என்னோடு அடுத்த கட்டிலில் மருந்து ஏற்றிக்கொண்ட ஜெபமணியை உனக்கு நினைவிருக்கும், வாசுதேவநல்லூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவள். ஊசி குத்தும்போதும் பாட்டுப் பாடுவாள். ஐந்து வருடம் முடிந்ததும் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் கேக் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒருநாள் குனிந்து துணிக்கட்டைத் தூக்கியபோது முதுகெலும்பு நொறுங்கிற்று. எலும்பு முழுக்கப் பரவியிருந்தது. அவளைப் புதைத்த பிறகு எங்கள் கல்லூரியில் இளஞ்சிவப்பு ரிப்பன் குத்தி ஒரு விழா நடத்தினார்கள். என்னை மேடையில் ஏற்றிப் 'போராளி' என்றார்கள். வந்திருந்த பேச்சாளர், நம்பிக்கை இருந்தால் எந்தப் புற்றையும் வென்றுவிடலாம் என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எழுந்து, ஜெபமணிக்கு நம்பிக்கை குறைவாக இருந்ததா ஐயா என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை, பொன்னாடையை வாங்கிக்கொண்டு இறங்கினேன். நீயும் மேடையில் எடுத்த என் படத்தைப் போனில் போட்டு 'என் அம்மா ஜெயித்துவிட்டாள்' என்று எழுதினாய். யாரோடு, எந்த மைதானத்தில் ஜெயித்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. உன் வீட்டில் நாளை யாருக்காவது நோய் வந்தால், போராளி என்ற சொல்லை அவர்கள் பக்கத்தில் கொண்டுபோகாதே. பக்கத்தில் உட்கார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேள். சொல்வதை முழுக்கக் கேள்.

இனி நேற்று நடந்தது. பந்தக்கால் வியாழக்கிழமை நடுவதாகத்தான் பேசியிருந்தோம். நேற்று மதியம் கல்லூரியிலிருந்து வந்தால், வாசலின் மூலையில் பச்சை மூங்கில் நிற்கிறது. மாவிலை கட்டி, மஞ்சள் துணி சுற்றி, பால் ஊற்றின ஈரம்கூடக் காயவில்லை. பெற்றவள் இல்லாமல் பிள்ளையின் பந்தக்காலை நட்டிருக்கிறீர்கள். அத்தை படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, என்ன அப்படிப் பாக்க? இன்னைக்கு நேரம் நல்லாருந்துச்சு. நட்டாச்சு."

"வியாழக்கிழமைன்னுதானே பேசினோம் மதினி?"

"பேசுனா? ஜோசியரு மாத்திச் சொல்லிட்டாரு. இனிமே கல்யாணம் முடியிற வரைக்கும் வீட்டாளு ஆஸ்பத்திரி, எழவுன்னு எங்கனயும் போகப்படாது. படிச்சவளுக்கு இதுவும் நாந்தான் சொல்லணுமா?"

"எனக்கு நாளன்னைக்கு ஆஸ்பத்திரி இருக்கு. ஒங்களுக்குத் தெரியும்."

"இருக்கட்டும். கல்யாணம் முடிச்சுப் போனா ஆஸ்பத்திரிய இடிச்சா போட்ருவாங்க?"

உன் அப்பா மூங்கிலில் சுற்றிய துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அது இறுக்கமாகத்தான் இருந்தது. நீ கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டியபடி வந்தாய். குழி தோண்டியது நீதான் என்று அப்போதுதான் புரிந்தது. "அம்மா, அத்தை சொல்லுததுல என்னம்மா தப்பு? இப்ப தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம்?" என்றாய்.

நேற்று மதியத்திலிருந்து அந்த ஒரு வாக்கியத்தோடுதான் இருக்கிறேன். இப்போது தெரிந்தால் என்ன செய்வோம் என்று கேட்கிறாய். மருந்தை மாற்றுவார்கள். எலும்பு நொறுங்காமல் இருக்க மருந்து கொடுப்பார்கள். வேறு காரணம் என்றால் அதற்கு வைத்தியம் பார்ப்பார்கள். ஒன்றுமே செய்ய முடியாது என்றாலும் எனக்குத் தெரிந்திருக்கும். அது என் இடுப்பெலும்பு. உனக்கு உண்மையில் கேட்க வேண்டியது வேறு: இப்போது தெரிந்தால் கல்யாணம் என்ன ஆகும்? அதை நேராகக் கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. பயமாக இருக்கிறதம்மா என்று சொல்லியிருந்தால் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்கும் பயம்தான். பயத்தைச் சாஸ்திரமாக்கி வாசலில் நட்டு, அதை நான் தாண்டக்கூடாது என்கிறீர்கள். தாண்டினால் உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று என்னை நினைக்க வைக்கப் பார்க்கிறீர்கள். ஒரு தாயை நிறுத்த இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி இல்லை. என்னிடம் இது பலிக்காது.

ரத்தத்திலேயே வரும் நோய், தெரிந்தால் எவன் பெண் கொடுப்பான் என்று அத்தை சொல்லிக்கொண்டிருக்கிறாள். மார்புப் புற்றில் ஒரு சிறு பங்குதான் அப்படி வழிவழியாக வருவது. எனக்கு அது இருக்கிறதா என்று அப்போதே பார்த்தார்கள், அவர்கள் தேடிய மரபணுக் கோளாறு என்னிடம் இல்லை. இதையும் நீ கேட்டதில்லை. கேட்டிருந்தால் சுகன்யாவின் அப்பாவுக்கு ஒரு நேர்மையான பதில் உன் கையில் இருந்திருக்கும். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன் நீ. சுகன்யா ஒருநாள் உன்னிடம் இங்கே என்னவோ செய்கிறது என்று தொட்டுக்காட்டினால், ஒன்றுமில்லை, சூடாக இருக்கும் என்று சொல்லாதே. நல்ல நாள் பார்க்காதே. உன் லீவைப் பார்க்காதே. அவள் உடம்பைப் பற்றி அவளுக்கு முன்னால் நீ பதில் சொல்லாதே. இதைத் தவிர உனக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி எதுவும் இல்லை.

நாளை காலை முதல் பஸ்ஸில் போகிறேன். இதை எழுதி மடித்ததும் சுகன்யாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அவர்கள் கல்யாணத்தை நிறுத்தினால் நிறுத்தட்டும். நீ என்னை மன்னிக்காமல் போகலாம். அதையும் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மறுநாள் நடந்ததை இதன் கீழேயே எழுதிவைக்கிறேன், பின்னால் யாரும் வேறு மாதிரி சொல்லிவிடக் கூடாது.

சொன்னபடி நேற்றே சுகன்யாவுக்குப் போன் செய்தேன். "அவங்க கர்ப்பப்பைன்னாங்களே அத்தை?" என்றாள். பொய் சொன்னான் என்றேன். "அம்மாகிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டாள். அம்மாவிடமும் சொல், அப்பாவிடமும் சொல் என்றேன். நீ வந்து கடிதத்தைப் படித்தாய், மேஜையில் வைத்தாய், சாப்பிடாமல் படுத்துவிட்டாய். காலையில் நான் செருப்பை மாட்டும்போது நீ என் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாய். அத்தை விடியவே வந்து இறங்கியிருந்தாள். "ஏலே, நீயுமா?" என்றாள். "வழி விடுங்கத்தை" என்றாய். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய். தேவர்குளம் தாண்டியதும், "எதுக்கும்மா அவகிட்ட சொன்ன? நானே சொல்லியிருப்பேம்லா" என்றாய். எப்போது என்று கேட்டேன்.

இடுப்பு மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுத்தார்கள். குத்துவது வலிக்கவில்லை, மஜ்ஜையை உறிஞ்சும்போது கால் வரைக்கும் ஒரு இழுப்பு வந்து என்னை அறியாமல் கத்தினேன். பிறகு அசையாமல் மல்லாந்து படுத்திருக்கச் சொன்னார்கள். அப்போது போன் வந்தது. சுகன்யாவின் அம்மா. நிச்சயத்தன்று என்னிடம் ஒரு வார்த்தைக்கு மேல் பேசாதவர். கல்யாணம் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நீயும் அதைத்தான் நினைத்தாய், ஆனாலும் போனை எடுத்து என் காதில் வைத்தாய். பின்னால் தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தத்தில் அவர் குரல் தாழ்ந்து கேட்டது.

"மதினி, சுகன்யா எல்லாம் சொன்னா. அவ அப்பாவுக்கு இன்னும் தெரியாது." பிறகு கேட்டார்: "ஒங்களுக்கு மொதல்ல எப்படித் தெரிஞ்சுது? வலிச்சுதா?"

"கட்டி வலிக்கல மதினி."

"எனக்கும் வலிக்கல."

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"சித்திரையில இருந்து. புள்ள கல்யாணம் முடியட்டும்னு பேசாம இருக்கேன். யார்ட்டயும் சொல்லிராதீங்க."

என் குரல் உயராது என்று நேற்று எழுதியிருக்கிறேன், அது தவறு. "என்ன கல்யாணம்? யாருக்குக் கல்யாணம்? போட்டது போட்டபடி போட்டுட்டு இப்பவே பஸ் ஏறுங்க" என்று நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்து, எழுந்திருக்கக் கூடாது மேடம் என்று என் தோளை அழுத்திப் பிடித்தாள். நீ போனை வாங்கிக்கொண்டாய். "அத்தை, சுகன்யாவையும் கூட்டிட்டு வாங்க. புது பஸ்ஸ்டாண்டுல எறங்குங்க, நான் வந்து நிக்கேன்" என்றாய்.

மதியத்துக்குப் பிறகு இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தாய். டாக்டர் சுகன்யாவின் அம்மாவைப் பார்த்துவிட்டு முகத்தில் ஒன்றும் காட்டாமல், படம் எடுத்து ஊசிப் பரிசோதனையும் செய்ய வேண்டும், நாளைக்கே வாருங்கள் என்றாள். என்னுடைய முடிவு வர ஒரு வாரமாகும். பதிவு செய்யும் ஜன்னலில் நீதான் போய் நின்றாய். வந்திருப்பவர் யார் என்று கேட்டார்கள், அத்தை என்றாய். என்ன தொந்தரவு என்று கேட்டார்கள். மார்பில் கட்டி என்று, உன் பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாய். சுகன்யா வராந்தாவில் நின்று தன் அப்பாவுக்குப் போன் செய்து பார்த்தாள். அவர் எடுக்கவில்லை.